கட்டிடங்கள் காக்கப்பட்டால் மட்டும் போதுமா?

அயர்லாந்தின் தலைநகரான டப்ளினில், லிபி ஆற்றின் தென்கரையில் டெம்பிள் பார் என்றொரு பழைய நகர்ப்பகுதி உள்ளது. கல் பதித்த ஒடுங்கிய வீதிகளைக் கொண்ட இப்பகுதி இன்று ‘பப்’ எனப்படும் மதுபானசாலைகளுக்காகவே உலகெங்கும் அறியப்படுகின்றது. அழிவிலிருந்து மீண்ட ஒரு நகர்ப்பகுதி அதற்காகக் கொடுத்த விலையை இங்கு நாம் காணலாம்.

‘பப்’ என்பதை எமது தவறணையுடன் ஒப்பிடுவது பொருத்தமாகாது. பொதுமக்களுக்கான இல்லம் எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடரின் சுருக்கமே அது. அயலவர் கூடி உரையாடும் பொது முற்றமாகவே அது நீண்டகாலம் விளங்கியது. ப்ளீட் வீதியில் 1823 ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் பலஸ் பார் இதற்குத் தக்க சான்றாகும். 1934 முதல் 1954 வரை ‘ஐரிஷ் டைம்ஸ்’ பத்திரிகையின் ஆசிரியராகவிருந்த ஆர்.எம். ஸ்மைலி, எழுத்தாளர்களும் கவிஞர்களும் சூழ அங்கு சபை நடத்தியமை குறிப்பிடத்தக்கதாகும்.

1980 களில் இப்பகுதியின் கட்டிடங்களை இடித்துவிட்டுப் பஸ் நிலையம் அமைக்க அரச போக்குவரத்து நிறுவனம் திட்டமிட்டது. அதற்கெனக் கொள்வனவு செய்த கட்டிடங்களை, இடிக்கும் நாள் வரும்வரை அது குறைந்த வாடகைக்கு வழங்கியது. ஓவியர்களும் இசைக்கலைஞர்களும் சிறு வணிகர்களும் அங்கு குடியேறினர். இடிப்பதற்காக வகுக்கப்பட்ட திட்டமே அப்பகுதிக்கு உயிரூட்டியது என்பது விந்தையே. 1991 இல் டப்ளின் ஐரோப்பிய கலாசார நகராகத் திகழ்ந்தது. அதே ஆண்டில் டெம்பிள் பாரைப் புனரமைப்பதற்கென அரசாங்கம் தனியானதொரு நிறுவனத்தையும் அமைத்தது.

கட்டிடங்கள் தப்பின, ஆனால் வாடகை உயர்ந்தது. உல்லாசப் பயணிகள் பெருகப் பெருக, கலைக்கூடங்களைவிட மதுபானசாலைகளே கூடிய வருமானம் தருவனவாயின. பாரம்பரிய இசைகூடப் பயணிகளுக்கான நாளாந்தக் காட்சியாக மாறியது. அயர்லாந்தின் அனுமதிப்பத்திர முறையும் இங்கு கவனத்திற்குரியது. 2000 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, நாட்டின் எப்பாகத்திலாவது உள்ள ஓர் அனுமதிப்பத்திரத்தை நீக்கி, வேறோரிடத்தில் புதியதொன்றைப் பெறலாம். இதனால், கிராமமொன்றின் ஒரேயொரு கூடுமிடம் மறைய, ஏற்கெனவே பல மதுபானசாலைகள் உள்ள நகரில் இன்னொன்று தோன்றுவதற்கு வழியேற்பட்டது.

புதியவை யாவும் தீயவை என்பது எமது கருத்தன்று. 1996 இல் இங்கு தொடங்கப்பட்ட போட்டர்ஹவுஸ், தானே பியர் வடித்து விற்றுப் புதிய பாதையொன்றைத் திறந்தது. பழையவை யாவும் போற்றத்தக்கவையும் அல்ல. அன்றைய மதுபானசாலைகள் பெரிதும் ஆண்களின் உலகமாகவே இருந்தன.

சுவர்களையும் கூரைகளையும் சட்டத்தினால் காப்பாற்றலாம். அவற்றினுள்ளே வாழ்ந்தும் தொழில் செய்தும் வந்த எளியோர் தொடர்ந்தும் அங்கு தங்கியிருக்க வழிசெய்யாத பாதுகாப்பு, பாதிப் பாதுகாப்பே என்பதே டெம்பிள் பார் உணர்த்தும் பாடமாகும்.