பல் இழந்தோருக்கு எலும்பில் ஊன்றும் பற்கள்





அசனப் பண்டிகையில் எல்லாரும் பந்தியில் அமரும்போது, "எனக்குப் பசியில்லை" என்று ஒதுங்கி நிற்கும் முதியவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? பலருக்குப் பசி இல்லாமல் அல்ல, பல் இல்லை. பிறர் முன்னிலையில் மெல்லக் கூச்சம். வீட்டிலும் கஞ்சியும் குழைந்த சோறுமே ஆகாரம்.

பல்செட்டைக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவரும் தாய்மாரை எங்கள் பல் சிகிச்சைப் பிரிவில் அடிக்கடி பார்க்கிறோம். "டாக்டரம்மா, மேல்செட்டு பரவாயில்லை, கீழ்செட்டு நிற்கவே மாட்டேங்குது" என்பார்கள். காரணம் உண்டு. மேல்செட்டு அகன்ற அண்ணத்தில் ஒட்டிப் பிடிக்கிறது. கீழே அந்த இடம் இல்லை. நாக்கும் அசைந்து தள்ளுகிறது. பல் போன தாடை எலும்பு ஆண்டுதோறும் தேய்வதால், பொருந்தியிருந்த செட்டும் தளர்ந்துவிடுகிறது.

இதற்குத் தீர்வு எதிர்பாராத இடத்தில் கிடைத்தது. 1952ல் சுவீடன் நாட்டு விஞ்ஞானி பிரோனேமார்க், முயலின் கால் எலும்பில் ஆராய்ச்சிக்காகப் பதித்த டைட்டானியக் கருவியைத் திரும்ப எடுக்க முயன்றார். அது எலும்போடு ஒன்றிப்போயிருந்தது. 1965ல் முதன்முதலாக ஒரு நோயாளியின் தாடையில் டைட்டானியத் திருகுகளைப் பதித்தார்.

ஒரு தாடை முழுவதற்கும் பல் வைக்க, ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு திருகு வேண்டியதில்லை. நான்கு முதல் ஆறு திருகுகள் போதும். மரத்துப்போகும் ஊசி போட்டு அவற்றைப் பதிக்கிறார்கள். எலும்பு பற்றிக்கொள்ள வழக்கமாக மூன்று முதல் ஆறு மாதங்கள் ஆகும். பின்பு பல்வரிசை முழுவதையும் அவற்றின் மேல் நிலையாகப் பொருத்துகிறார்கள். பின்புறம் எலும்பு குறைந்தவர்களுக்குப் பின் திருகுகளைச் சாய்த்துப் பதிக்கும் முறையை, லிஸ்பன் நகர டாக்டர் பாலோ மாலோவும் குழுவினரும் 2003ல் வெளியிட்டார்கள்.

நிலையான பல்வரிசைக்குச் செலவு அதிகம். ஆனால் ஏழைகளுக்கும் ஒரு வழி உண்டு. கீழ்த்தாடையில் கோரைப்பற்கள் இருந்த இடங்களில் இரண்டே திருகுகளைப் பதித்து, சட்டையின் டிச் பட்டன் போல் பல்செட்டை அவற்றின்மேல் மாட்டலாம். இரவில் கழற்றிக் கழுவலாம். பற்களையெல்லாம் இழந்த கீழ்த்தாடைக்கு முதலில் கருதவேண்டிய சிகிச்சை இதுவே என்று 2002ல் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள் அறிவித்தார்கள்.

எல்லாருக்கும் இது உடனே ஏற்றதல்ல. சர்க்கரை நோய் கட்டுப்பாட்டில் இருக்கவேண்டும். புகைப்பழக்கத்தையும் புகையிலையையும் விடவேண்டும். தாடைக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர்களைத் தனியே ஆராயவேண்டும். திருகுக்குச் சொத்தை வராது. ஆனால் துலக்காவிட்டால் சுற்றியுள்ள ஈறு சீழ்பிடித்து எலும்பு கரையும். ஆகவே பதிப்பதோடு பணி முடிவதில்லை. ஆண்டுதோறும் பரிசோதனை தேவை; தேய்ந்த பட்டனையும் மாற்றவேண்டும்.

பிரியமானவர்களே, நீங்கள் அனுப்பும் காணிக்கை இந்த இரண்டு திருகுகளுக்கு மட்டுமல்ல, அதன்பின் வரும் ஆண்டுகளின் பராமரிப்புக்கும் உதவுகிறது. உங்கள் சபையில் பந்திக்கு வராமல் ஒதுங்கும் பெரியவர் யாரேனும் இருந்தால், அன்போடு விசாரித்துப் பல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அதுவும் ஓர் ஊழியமே.

ஜெபக் குறிப்புகள்: சிகிச்சைக்குக் காத்திருக்கும் முதியோருக்காகவும், புகையிலையை விடப் போராடுகிறவர்களுக்காகவும், எங்கள் மருத்துவர்கள், செவிலியர், பல் தொழில்நுட்ப ஊழியர்களுக்காகவும் ஜெபியுங்கள்.

கர்த்தருடைய பணியில்,
பல் சிகிச்சைப் பிரிவு ஊழியர்கள்