பதினாறும் பதினேழும்

அபிராமி அந்தாதியைப் பாராமல் ஒப்பிப்பவர்கள் எத்தனையோ பேர். அதன் ஒவ்வோர் அடியும் எழுத்தெண்ணி அமைந்தது என்பதை அவர்களில் பலர் கவனித்திருக்க மாட்டார்கள். கட்டளைக் கலித்துறை என்ற அந்த யாப்பில்தான் மாணிக்கவாசகர் திருக்கோவையாரின் 400 பாடல்களையும் பாடினார். அருணகிரிநாதரின் கந்தரலங்காரமும் அதே யாப்புதான்.

நான்கு அடி, அடிக்கு ஐந்து சீர். ஒற்று நீங்க ஓரெழுத்தாலான நேரசையில் தொடங்கினால் அடிக்கு 16 எழுத்து, இரண்டெழுத்தாலான நிரையசையில் தொடங்கினால் 17. புள்ளி வைத்த எழுத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. இதைக் கேட்டதுமே புதிதாக எழுத வருகிறவர்கள் மிரண்டு, விரலை மடக்கத் தொடங்கிவிடுகிறார்கள். எண்ண வேண்டிய அவசியமே இல்லை என்பேன்.

ஓர் அடி கட்டிப் பார்ப்போம்:

மாலை மழையில் நனைந்தே கிடந்த மரக்கிளையே

ஒற்று நீக்கி எண்ணுங்கள், 16 வரும். 'மாலை'யை எடுத்துவிட்டு 'இரவு' என்று போடுங்கள், 17. இனி 'மழையில்' இருந்த இடத்தில் 'தூறலில்' என்று வையுங்கள்: 'மாலைத் தூறலில் நனைந்தே...' எழுத்து அப்போதும் 16தான். ஆனால் வாய்விட்டுப் படித்தால் நடை இடறும். நேரில் முடியும் ஈரசைச் சீரான மாவுக்குப் பின் நிரை வராமல் நேர் வந்ததால், சீரோடு சீர் சேரும் தளை தட்டுகிறது. எண்ணிக்கை சரியாக இருந்தும் பாட்டு கெட்டது.

கணக்கின் சூட்சுமம் தளையில் இருக்கிறது. இந்த யாப்புக்குரிய வெண்டளைப்படி நேரில் முடியும் ஈரசைச் சீருக்குப் பின் நிரை வரும், நிரையில் முடிந்தால் நேர் வரும். ஆக, இரண்டு சீர் சேரும் இடம் ஒவ்வொன்றிலும் 3 எழுத்து. ஐந்து சீருக்கு நான்கு சேர்க்கை, 12. கடைசிச் சீர் விளங்காய், அதாவது நிரை, நேர் என முடியும் மூவசைச் சீர் ஆகவேண்டும் என்பது விதி. அதன் இறுதி இரண்டு அசையில் 3. முதல் அசை நேரானால் 1, நிரையானால் 2. கூட்டிப் பாருங்கள்! இடையில் நேர், நேர் என முடியும் தேமாங்காய், புளிமாங்காய் வந்தாலும், காய்க்குப் பின் நேர் வரும் என்பதால் கணக்கு பிசகாது. விளங்காய் வந்தால் ஓர் எழுத்து மிஞ்சும், அதனால்தான் அதை இடையில் விலக்கினார்கள்.

தளையைக் காது பழகிவிட்டால் எண் தானாக வந்து உட்காரும். அதற்குப் பழைய பாடல்களைச் சீர் பிரித்து உரக்கப் படிப்பதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

மேலே உள்ள அடிக்கு இன்னும் மூன்று அடி வேண்டும். 'சாலை', 'சோலை', 'வேலை' என எதுகை காத்திருக்கிறது. பாட்டு ஏகாரத்தில் முடியட்டும். இன்றிரவே எழுதிப் பாருங்கள்.