நல்ல மைப் பேனாவும் கையில் ஒரு பில்லும்

மூன்று மணி நேரப் பொதுத்தேர்வின் நடுவில் ஒரு பேனா இங்க் கக்கினால் அதன் இழப்பு பேனாவின் விலையோடு முடிவதில்லை. விடைத்தாள் கறைபடும், நேரம் போகும், பிள்ளையின் மனம் கலங்கும். பொதுத்தேர்வு முடிவுகளில் பல ஆண்டுகள் மாநிலத்தின் முன்வரிசையில் நின்ற விருதுநகர் மாவட்டத்தில் இதைப் பெற்றோருக்கு விளக்க வேண்டியதில்லை. மாணவர் மட்டுமல்ல, நாள் முழுக்கக் கணக்கு எழுதுபவரும், ஆவணங்களில் கையெழுத்துப் போடுபவரும் ஒரு பேனாவை நம்பித்தான் வேலை செய்கிறார்கள்.

ஆனாலும் கசிகிற பேனாவைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறொன்று வாங்குகிறோம். “நூறு ரூபாய்ப் பொருளுக்கு யார் போய்க் கேட்பது?” என்று விட்டுவிடுகிறோம். சட்டம் அப்படி விடச் சொல்லவில்லை. 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, விலையைப் பார்த்து உரிமையைக் கூட்டிக் குறைப்பதில்லை. அப்பா வாங்கித் தந்த பேனாவால் எழுதும் பிள்ளையும் அந்தச் சட்டத்தின் பார்வையில் நுகர்வோர்தான். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் மக்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு. மாவட்டத் தலைநகர் விருதுநகர் என்றாலும், மாவட்ட நீதிமன்றமும் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையமும் ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் இயங்குகின்றன.

கடையில் பார்க்க வேண்டியவை

விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போலத்தான், நிப்பின் அடியில் ஒட்டியிருக்கும் நாக்கில் உள்ள நுண்ணிய வழிகளில் மை இறங்குகிறது. மை இறங்கும் அளவுக்குக் காற்று உள்ளே போக வேண்டும். இந்தக் கொடுக்கல் வாங்கல் சீராக இருந்தால் பேனா எழுதும். காற்று அதிகம் புகுந்தால் கக்கும். வழி அடைபட்டால் நின்றுபோகும். லூயிஸ் வாட்டர்மேன் 1884-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது இந்த நாக்கு அமைப்புக்குத்தான். எனவே பேனாவின் உயிர் அதன் உடம்பின் பளபளப்பில் இல்லை. நிப், நாக்கு, மூடி இந்த மூன்றில் இருக்கிறது.

நிப்பை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். நடுவில் உள்ள பிளவு நேராக நுனிவரை வர வேண்டும். நுனியின் இரு பாதிகளும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். ஒன்று ஏறி ஒன்று இறங்கியிருந்தால் தாளைக் கீறும். நாக்கு நிப்பின் அடியில் நடுவாக, இடைவெளி இல்லாமல் ஒட்டியிருக்க வேண்டும்.

பிறகு கடைக்காரரிடம் மை கேட்டுத் தொட்டு எழுதிப் பாருங்கள். ‘ஞ’, ‘ண’, ‘ஐ’, ‘ழ’ போன்ற சுழி நிறைந்த எழுத்துகளை எழுதினால், நிப் எல்லாப் பக்கமும் வழுக்கிப் போகிறதா என்பது தெரிந்துவிடும். தமிழின் சுழிகள் அடையாமல் இருக்க மெல்லிய நிப்பே அன்றாட எழுத்துக்கு ஏற்றது. மெல்லிய தாளுள்ள நோட்டில் மை பின்பக்கம் ஊறுவதையும் அது குறைக்கும். ஒரே அளவு குறித்திருந்தாலும் ஜப்பானிய நிப்புகள் பொதுவாக ஐரோப்பிய நிப்புகளைவிட மெல்லியதாக எழுதும்.

தொட்டு எழுதுவது நிப்பை மட்டுமே சோதிக்கும், நாக்கைச் சோதிக்காது. ஆகவே வாங்கிய அன்றே மை நிரப்பி இரண்டு பக்கம் தொடர்ந்து எழுதுங்கள். மூடி போட்டு இரவு முழுக்கப் படுக்கவைத்து, காலையில் முதல் எழுத்து தடங்கலின்றி வருகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் மூடி காற்றை அடைக்கவில்லை, அல்லது நாக்கில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறது. சாதாரணத் தண்ணீரில் ஒரு முறை கழுவிப் பார்த்து, பிறகும் அப்படியே இருந்தால் தாமதிக்காமல் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். தேர்வுக்கு என்று வாங்கும் பேனாவை இரண்டு வாரம் முன்பே வாங்கிப் பழக்குவது நல்லது.

மை நிரப்பும் முறையில் இருக்கும் செலவு

ஃபில்லரால் நேரடியாக உடம்பிலேயே மை ஊற்றும் பேனா மலிவு. நிறைய மை பிடிக்கும். மை பாதிக்கும் கீழே இறங்கியதும் உள்ளே காற்று நிறைகிறது. கைச் சூட்டிலும் நம் ஊர் வெயிலிலும் அந்தக் காற்று விரிந்து மையைத் தள்ளுகிறது. நல்ல பேனாவும் இங்க் கக்குவதற்கு இது ஒரு காரணம். இத்தகைய பேனாவில் மை பாதி குறையும்போதே நிரப்பிவிட வேண்டும். எந்தப் பேனாவானாலும் சட்டைப் பையில் நிப் மேல்நோக்கி இருக்கும்படி வைக்க வேண்டும்.

கார்ட்ரிட்ஜ் பேனா வாங்குபவர்கள் ஒரு கேள்வியைத் தவறாமல் கேட்க வேண்டும்: “இதற்கு மாற்றுக் கார்ட்ரிட்ஜ் இங்கே கிடைக்குமா?” பார்க்கர், லாமி, பைலட் போன்ற நிறுவனங்கள் தங்களுக்கென்று தனி அளவு வைத்திருக்கின்றன, ஒன்றின் கார்ட்ரிட்ஜ் இன்னொன்றில் பொருந்தாது. பாட்டில் மையை உறிஞ்சும் கன்வெர்ட்டர் கூடவே வருகிறதா என்று பார்த்து வாங்கினால் மாதாமாதம் செலவு மிச்சமாகும்.

நீண்ட நாள் உழைக்கும் பேனா வேண்டுமென்றால் பழுதுபார்க்க ஆள் இருக்கிறார்களா என்பதையும் எண்ண வேண்டும். சென்னையின் காமா, திருவள்ளூரின் ரங்கா, ராஜமுந்திரியின் ரத்னம் போன்ற தயாரிப்பாளர்கள் எபோனைட்டில் பேனா கடைந்து பெயர் பெற்றவர்கள். செய்தவரை நேரடியாகக் கேட்க முடிவது ஒரு பலம். நிப்பையும் நாக்கையும் தனியாகக் கழற்றி மாற்ற முடிகிற பேனா, ஒரு பகுதி கெட்டால் முழுவதும் குப்பைக்குப் போகாது.

அட்டையில் இருக்க வேண்டியவை

பெட்டியிலோ உறையிலோ விற்கப்படும் பேனாவுக்கு, 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகள் பொருந்தும். தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயரும் முகவரியும், இறக்குமதி என்றால் எந்த நாட்டுப் பொருள் என்பதும், தயாரித்த மாதமும் ஆண்டும், எண்ணிக்கையும், வரிகள் உட்பட்ட அதிகபட்சச் சில்லறை விலையும், புகாருக்கான தொடர்பு விவரமும் அதில் இருக்க வேண்டும். எம்.ஆர்.பி.-க்கு மேல் வசூலிப்பது விதிமீறல். தமிழ்நாட்டில் இந்த விதிகளை அமல்படுத்துவது தொழிலாளர் துறை. விலை அதிகம் வாங்கினாலும் விவரமே இல்லாத பெட்டியை விற்றாலும் அங்கே புகார் செய்யலாம்.

நிப்பில் பொறித்திருக்கும் எழுத்துகளையும் படிக்கப் பழகுங்கள். 14 காரட் தங்க நிப்பில் 585 என்றும் 18 காரட் நிப்பில் 750 என்றும் பொதுவாகப் பொறித்திருப்பார்கள். காரட் எண்ணுக்குப் பின்னால் ‘ஜி.பி.’ என்றிருந்தால் அது தங்க முலாம் மட்டுமே. உள்ளே இருப்பது எஃகு. எஃகு நிப் தாழ்ந்ததல்ல, அன்றாட எழுத்துக்கு அது போதும். ஆனால் முலாமைத் தங்கம் என்று சொல்லி விற்பது ஏமாற்று. ‘இரிடியம்’, ‘ஜெர்மனி’ என்ற பொறிப்புகளும் தம்மளவில் எதற்கும் சான்றாகா.

பார்க்கர், ஹீரோ போன்ற புகழ்பெற்ற பேனாக்களுக்குப் போலிகள் வருகின்றன. நம்ப முடியாத தள்ளுபடி, பில் தர மறுப்பு, முகவரி இல்லாத பெட்டி, மங்கலான முத்திரை, மறை சரியாகப் பொருந்தாத கழுத்து ஆகியவை எச்சரிக்கை அடையாளங்கள். வணிகச் சின்னங்கள் சட்டம், 1999-இன்படி போலிச் சின்னமிட்ட பொருளை விற்பவருக்கு ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க இடமுண்டு.

மையும் செக்கும்

பேனாவைக் கெடுப்பதில் பாதிப் பங்கு மைக்கு உண்டு. மைப் பேனாவுக்கென்று தயாரித்த மையை மட்டுமே ஊற்றுங்கள். படம் வரையும் இந்தியன் இங்க், மார்க்கர் மை, ஸ்டாம்ப் பேட் மை ஆகியவை நாக்கை நிரந்தரமாக அடைத்துவிடும். இரண்டு கம்பெனி மைகளைக் கலக்காதீர்கள். பாட்டிலில் பூசணம் மிதந்தால் கொட்டிவிடுங்கள். வாரக்கணக்கில் எழுதாமல் வைப்பதாக இருந்தால் கழுவிக் காயவைத்து வையுங்கள்.

தண்ணீர் பட்டால் கரையும் மையால் செக், பத்திரம், விண்ணப்பம் எதையும் எழுதாதீர்கள். கரைத்து அழித்துத் தொகையையோ பெயரையோ மாற்றுவது பழைய மோசடி. ஆவணங்களுக்கு நீரில் அழியாத மை வேண்டும். இரும்புச் சத்துள்ள ஆவண மைகள் அழியாமல் நிற்கும். ஆனால் அமிலத் தன்மையால் எஃகு நிப்பை அரிக்கக் கூடியவை. அவற்றை நிரப்பினால் அடிக்கடி கழுவ வேண்டும். கருப்பு மையில் எழுதிய செக் செல்லாது என்று 2025 ஜனவரியில் பரவிய செய்தி பொய். ரிசர்வ் வங்கி அப்படி எந்தத் தடையும் விதிக்கவில்லை.

சிறு குழந்தைகள் இருக்கும் வீட்டில் ஒரு கவனம் தேவை. பேனா மூடியை விழுங்கி மூச்சுத் திணறும் ஆபத்து உண்டு. அதனால்தான் ஐ.எஸ்.ஓ. 11540 என்ற உலகத் தரம் மூடிகளில் காற்று வழி இருப்பதை வலியுறுத்துகிறது. மைப் பேனாவின் மூடி மை காயாமல் காற்றை அடைக்க வேண்டியது. பலவற்றில் துளை இருக்காது. மூடியை வாயில் வைக்கும் பழக்கமுள்ள பிள்ளை கையில் அதைக் கொடுக்காதீர்கள்.

பழுது என்றால் சட்டம் என்ன சொல்கிறது?

பில் தர மறுப்பது நுகர்வோர் சட்டத்தின்படி நியாயமற்ற வணிக முறை. பழுதான பொருளைப் பில்லில் குறித்த காலத்துக்குள், எதுவும் குறிக்கவில்லை என்றால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெறவோ பணத்தைத் தரவோ மறுப்பதும் அப்படியே. “விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது” என்ற பலகை, பழுதான பொருளைப் பொறுத்தவரை உங்கள் உரிமையைப் பறிக்காது. அதே நேரத்தில் நாமும் நேர்மையாக இருக்க வேண்டும். கீழே போட்டு வளைந்த நிப்பும், தவறான மை ஊற்றி அடைத்த நாக்கும் தயாரிப்புக் குறை ஆகா.

இணையத்தில் வாங்கினால் 2020-ஆம் ஆண்டின் மின் வணிக விதிகள் துணை நிற்கின்றன. விற்பனைத் தளம் குறைதீர் அலுவலரின் பெயரையும் தொடர்பையும் வெளியிட வேண்டும். புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். பார்சலைப் பிரிக்கும்போதே வீடியோ எடுத்து வைப்பது நல்ல சான்று.

படிப்படியாக என்ன செய்வது?

முதலில் பில், பெட்டி, பேனாவுடன் கடைக்குச் செல்லுங்கள். குறையை எழுதிக் காட்டுங்கள். பெரும்பாலான கடைக்காரர்கள் நம் ஊர்க்காரர்கள். தங்கள் பெயரைக் காத்துக்கொள்ள விரும்புபவர்கள். மறுத்தால் பெட்டியில் உள்ள நிறுவன முகவரிக்குப் படத்துடன் எழுதுங்கள்.

அடுத்து 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம். வழக்குக்கு முன்பே நிறுவனத்திடம் பேசித் தீர்க்க முயல்வார்கள். சிறு தொகைப் புகார்களுக்கு இதுவே சுலபமான வழி.

அதிலும் தீரவில்லை என்றால், அல்லது விலை உயர்ந்த பேனாவோ பெரிய இழப்போ என்றால், ஸ்ரீவில்லிபுத்தூரில் உள்ள ஆணையம். நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குத் தொடரலாம். சென்னையிலோ டெல்லியிலோ உள்ள நிறுவனம் இங்கே வந்து பதில் சொல்ல வேண்டும். குறை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் அவகாசம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் கட்டாயமில்லை. இணைய வழியிலும் மனு தாக்கல் செய்யலாம். பொருளைப் பரிசோதிக்கத் தேவையில்லாத வழக்கை மூன்று மாதத்திலும், பரிசோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். தீர்ப்பில் திருப்தி இல்லையென்றால் 45 நாட்களுக்குள் மாநில ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம். உத்தரவை மதிக்காத எதிர்த்தரப்புக்குச் சிறையோ 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமோ உண்டு.

மனு எழுதத் தடுமாறினால் 15100 என்ற எண்ணில் சட்ட உதவி கேட்கலாம். மனுவில் வாங்கிய தேதி, விலை, குறை, நீங்கள் கேட்ட தீர்வு, கடைக்காரர் சொன்ன பதில் ஆகியவை வரிசையாக இருந்தால் போதும். இழப்பீடு கேட்டால் இழப்பை நிரூபிக்க வேண்டும். கறைபட்ட ஆவணத்தின் படம், புதிதாக வாங்கிய பேனாவின் பில் போன்றவற்றைச் சேர்த்து வையுங்கள்.

இத்தனைக்கும் அடிப்படை அந்தச் சிறிய பில்தான். வெப்பத்தாளில் அச்சிட்ட பில் சில மாதங்களில் மங்கிவிடும் என்பதால் அன்றே போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிகளில் இருக்கும் குடிமக்கள் நுகர்வோர் மன்றங்கள், கல்வியாண்டின் தொடக்கத்திலேயே பேனாவைச் சோதித்து வாங்கவும் பில் கேட்கவும் பிள்ளைகளுக்குச் செய்து காட்டலாம். ஐம்பது ரூபாய்ப் பொருளுக்குப் பில் கேட்டுப் பழகிய பிள்ளை, நாளை ஐம்பதாயிரம் ரூபாய்ப் பொருளுக்கும் கூசாமல் கேட்கும்.