புதுச்சேரியின் பிரெஞ்சு நகரம்

புதுச்சேரி என்பது சோழமண்டலக் கரையில், சென்னைக்குத் தெற்கே ஏறத்தாழ 150 கி.மீ. தொலைவில் அமைந்துள்ள பழைய துறைமுக நகரமாகும். இந்தியாவில் பிரெஞ்சு ஆட்சிக்குத் தலைநகராக விளங்கியது. பிரெஞ்சுக்காரர் வருவதற்கு நெடுங்காலம் முன்பே, அருகிலுள்ள அரிக்கமேட்டில் உரோமானியருடன் வணிகம் நடைபெற்றது. 1945-இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில் உரோமானியச் சாடிகளும் மட்பாண்டங்களும் கிடைத்தன.

வரலாறு

பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1664-இல் தொடங்கப்பட்டது. 1674-இல் பிரான்சுவா மர்த்தேன் புதுச்சேரியின் பொறுப்பை ஏற்று, நெசவாளர் குடியிருப்புகள் சூழ்ந்த சிறு கடற்கரை ஊரை வணிக நகரமாக வளர்த்தார். 1693-இல் ஒல்லாந்தர் நகரைக் கைப்பற்றினர். நேர்க்கோடாக ஓடி ஒன்றையொன்று வெட்டும் தெருக்களின் வரைபடம் அவர்கள் வகுத்ததே. 1699-இல் நகரைத் திரும்பப் பெற்ற பிரெஞ்சுக்காரர் அந்தத் திட்டத்தையே தொடர்ந்தனர். எனவே இன்று பிரெஞ்சு அழகு என்று போற்றப்படும் தெரு அமைப்பில் பாதிப் பெருமை ஒல்லாந்தருக்குரியது.

1742 முதல் 1754 வரை ஆளுநராக இருந்த துய்ப்ளே காலத்தில் நகரம் செல்வாக்கின் உச்சியை எட்டியது. அக்காலத்தை நாள்தோறும் பதிவு செய்தவர் அவருடைய துபாசி ஆனந்தரங்கப் பிள்ளை. 1736-இல் தொடங்கிய அவரது நாட்குறிப்பில் கப்பல் வரவு, துணி விலை, அரண்மனைச் சூழ்ச்சி, ஊர்வம்பு எல்லாம் உண்டு. 1748-இல் ஆங்கிலேயர் முற்றுகையின்போது வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டதையும் மனவேதனையோடு எழுதியிருக்கிறார். இப்போது ஈசுவரன் கோயில் தெருவில் உள்ளது பின்னாளில் எழுப்பப்பட்ட கோயிலாகும்.

1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி, கடலூரில் ஆங்கிலேயரின் புனித டேவிட் கோட்டையைப் பிடித்துத் தகர்த்தார். அதற்கான பதிலடி 1761 சனவரியில் வந்தது. பட்டினி முற்றுகையால் சரணடைந்த புதுச்சேரியை ஆங்கிலேயர் கோட்டை, அரண்மனை, வீடுகள் என்று பாராமல் தரைமட்டமாக்கினர். ஆனந்தரங்கப் பிள்ளை அதற்குச் சில நாட்கள் முன்புதான் இறந்திருந்தார். லாலி 1766-இல் பாரிசில் மரண தண்டனைக்கு உள்ளானார்.

1763-இல் ஏற்பட்ட பாரிசு உடன்படிக்கையின்படி நகரம் திரும்பக் கிடைத்தது. 1765 முதல் பழைய அடித்தளங்களின் மீதே வீடுகள் எழுந்தன. ஆகவே சுற்றுலாப் பயணி இன்று காணும் நகரம் பெரும்பாலும் அழிவுக்குப் பிறகு கட்டப்பட்டது. பிள்ளையின் மாளிகை அதற்கு முந்தைய அரிய எச்சம். அதன்பிறகும் நகரம் ஆங்கிலேயரிடம் பலமுறை கைமாறி, 1816-இல்தான் பிரெஞ்சுக்காரரிடம் நிலைத்தது.

1936 சூலை 30 அன்று எட்டு மணி நேர வேலை உள்ளிட்ட உரிமைகளுக்காகப் போராடிய ஆலைத் தொழிலாளர்கள் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் 12 பேர் உயிரிழந்தனர். 1954 அக்டோபர் 18-இல் கீழூரில் நடந்த வாக்கெடுப்பில் 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவுடன் இணைய வாக்களித்தனர். நவம்பர் 1-இல் நிர்வாகம் கைமாறியது. சட்டப்படியான இணைப்பு 1962-இல் நிறைவேறியது.

முக்கிய இடங்கள்

பெரிய வாய்க்கால் நகரை இரண்டாகப் பிரிக்கிறது. கிழக்கே கடலோரம் வெள்ளையர் பகுதி. மேற்கே தமிழர் பகுதி. முன்னதில் உயர்ந்த மதில், வளைவு வாயில், உள்ளே தோட்டம் என வீடு தெருவுக்கு முகம் மறைத்து நிற்கும். தமிழர் வீடோ திண்ணையாலும் தெருவோரத் தாழ்வாரத்தாலும் வழிப்போக்கரை வரவேற்கும். கீழ்த்தளம் தமிழ் முறையிலும் மாடி பிரெஞ்சு முறையிலும் அமைந்த கலப்பு வீடுகளும் உண்டு. புதுச்சேரிக்கே உரிய கட்டடக்கலை இதுதான் எனலாம்.

பழைய கோட்டை இருந்த பகுதியில் இப்போது பாரதி பூங்கா உள்ளது. அதன் நடுவில், மூன்றாம் நெப்போலியன் காலத்தில் எழுந்த வெண்ணிற ஆயி மண்டபம் நிற்கிறது. தன் மாளிகையை இடித்துக் குளம் வெட்டிய ஆயி என்ற கணிகையின் பெயரால் அது வழங்குகிறது. முத்திரையர்பாளையத்திலிருந்து நகருக்குக் குடிநீர் வந்ததன் நினைவுச் சின்னம் அது. புதுச்சேரி அரசின் சின்னத்திலும் அதுவே இடம்பெற்றுள்ளது.

கடற்கரைச் சாலையில் 1836-இல் ஒளியேற்றப்பட்ட பழைய கலங்கரை விளக்கமும், 1938-இல் திறக்கப்பட்ட போர் நினைவிடமும், செஞ்சியிலிருந்து கொணர்ந்த கற்றூண்கள் சூழ்ந்த காந்தி சிலையும் உள்ளன. மிசன் வீதியிலுள்ள மாதா கோயிலை மக்கள் சம்பா கோயில் என்பர். புனித பவுலின் பிரெஞ்சுப் பெயரான சேன் போல் என்பதன் திரிபு அது. 1955-இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் காத்துவரும் சைவ ஓலைச்சுவடிகள் 2005-இல் யுனெசுகோவின் உலக நினைவகப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டன.

பாதுகாப்பு

உப்புக் காற்றும் மழையும் சுண்ணாம்புச் சுவர்களை அரிக்கின்றன. அதைவிட விரைவாக அழிப்பது மனை விலை: தமிழர் பகுதியில் பழைய வீடு பாகம் பிரிந்ததும் இடிபட்டு அடுக்குமாடியாவது வழக்கமாகிவிட்டது. வைசியாள் தெருவின் சீரமைப்புக்கு 2008-இல் யுனெசுகோவின் ஆசிய-பசிபிக் விருது கிடைத்தது. ஆனால் 1870-71 காலத்தைச் சேர்ந்த மேரி எனப்படும் நகராட்சிக் கட்டடம், பழுதுபார்க்கப்படாமலே கிடந்து, 2014 நவம்பர் 29 அன்று மழையில் இடிந்து விழுந்தது. பழைய தோற்றத்திலேயே மீண்டும் கட்டப்பட்டு 2021 பிப்ரவரியில் திறக்கப்பட்டது.