ஏடு எரியும் முன்

கோயில் ஏடுகள்

பழஞ்சுவடிகளைத் தேடி ஊர் ஊராக அலைந்த உ.வே. சாமிநாதையர், பாண்டிய மன்னர் ஒருவருடைய ஏடுகள் இருப்பதாகக் கேள்வியுற்று, சங்கரன்கோவிலுக்கு அருகிலுள்ள கரிவலம்வந்தநல்லூருக்கு வந்து பால்வண்ணநாதர் ஆலயத்தில் விசாரித்தபோது, பழுதுற்ற ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தீயில் இட்டுவிட்டதாக விடை கிடைத்தது. அவ்வாறு செய்வதே சாஸ்திரம் என்று சமாதானமும் சொன்னார்கள். அவர்கள் துஷ்டர்கள் அல்லர். செல்லரித்த கட்டின் நடுவே படிக்கத்தக்க ஓலைகள் எஞ்சியிருக்கலாம் என்பது தோன்றாதவர்கள், அவ்வளவே. மறதிநோய் கண்ட பெரியவர்களிடத்தில் நம் குடும்பங்கள் பலவும் இப்படித்தான் நடந்துகொள்கின்றன.

மூப்பு வேறு, நோய் வேறு

ஆயுள் முழுதும் பழகிய தறியின் முன் அமர்ந்து அடுத்து என்ன செய்வதென்று விளங்காமல் விழிப்பதையும், சோறு வடித்த பிறகு மறுபடி உலை வைப்பதையும், பிறந்த தெருவிலேயே வழி தப்புவதையும், "வயசாயிட்டுல்லா, அப்படித்தான்" என்று தள்ளிவிடுவது நம் பக்கத்து வழக்கம். ஜெர்மானிய வைத்தியர் அல்சைமர் 1906-இல் விவரித்த வியாதி இதற்கு முக்கியமான காரணம். மூளையின் இரத்தக் குழாய் அடைப்பும் மற்றொன்று. இந்தியாவில் அறுபது வயதைக் கடந்தோரில் ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு மறதிநோய் இருப்பதாக 2023-இல் வெளிவந்த ஆய்வு மதிப்பிட்டது. ஆனால் தைராய்டு குறைவு, பி12 சத்துக் குறைபாடு, மனச்சோர்வு, தலையில் அடிபட்டு உறைந்த இரத்தம், சில மருந்துகள் ஆகியவையும் இதே வேஷத்தில் வரும். அவற்றுக்குச் சிகிச்சை உண்டு. ஆகையால் பரிசோதனை செய்யாமல் விதியை நொந்துகொள்வது தவறு.

சாயங்கால வேளை

பொழுது சாய்ந்ததும் சொந்த வீட்டுத் திண்ணையில் அமர்ந்தபடியே, "வீட்டுக்குப் போவோம்" என்று தாத்தா பிடிவாதம் செய்கிறார். இதுதான் வீடு என்று நிரூபிக்கப் புகுந்தால் கலகமே மிஞ்சும். அவர் தேடுவது பெரும்பாலும் கட்டடத்தை அன்று, மனத்துக்குப் பரிச்சயமான ஒரு நிம்மதியை. "அங்கே யார் யார் இருப்பார்கள், தாத்தா?" என்று கேட்டால், காலையில் உண்டதை மறந்தவர் ஐம்பது ஆண்டுக்கு முந்திய முற்றத்தையும் மாட்டையும் வர்ணிக்கத் தொடங்குவார். எரியாமல் எஞ்சிய ஓலைகள் அவையே. இருட்டுமுன் விளக்கை ஏற்றுவதும், மூக்குக்கண்ணாடியையும் காதுக் கருவியையும் மாட்டிவிடுவதும், சட்டைப் பையில் விலாசச் சீட்டு வைப்பதும் சிறு காரியங்கள்தாம், பலன் பெரிது. இரண்டொரு நாளுக்குள் திடீரென்று குழப்பம் மிகுந்தால் மட்டும் அதை மறதியின் கணக்கில் எழுதாமல், கிருமித் தொற்றோ நீர்ச்சத்துக் குறைவோ என்று உடனே வைத்தியரிடம் காட்டவேண்டும்.

பார்ப்பவளைப் பார்ப்பது யார்?

இப்பாரம் அநேகமாக ஒரு மருமகளின் தலையிலோ மகளின் தலையிலோதான் விழுகிறது. திருப்பூரிலும் சென்னையிலும் இருக்கும் பிள்ளைகள் தொலைபேசியில் யோசனை சொல்கிறார்கள். இரவெல்லாம் விழித்திருப்பவளுக்கு யோசனைக்குப் பஞ்சமில்லை, உறக்கத்துக்குத்தான் பஞ்சம். கோவாவில் நடந்து 2008-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், மருத்துவர் அல்லாத உள்ளூர்ப் பணியாளர்கள் பயிற்சி பெற்று வீடு வீடாகச் சென்று ஆலோசனை கூறியதால், பராமரிப்போரின் மனவேதனை குறைந்தது. தமிழ்நாட்டில் 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கப் பணியாளர்கள் வீட்டு வாசலுக்கே வருகிறார்கள். தாத்தாவின் ஞாபகத்தைப் பற்றி ஒன்றும், மருமகளின் உறக்கத்தைப் பற்றி ஒன்றுமாக இரண்டு கேள்விகளை அவர்கள் சேர்த்துக் கேட்டால் அரசாங்கத்துக்கு அதிகச் செலவாகிவிடாது என்பது என் அபிப்பிராயம். அதுவரை முதியோர் உதவிக்கு 14567, மனநல ஆலோசனைக்கு 14416 என்ற எண்கள் இருக்கின்றன. ஆடித்தபசு நாளில் அவள் சங்கரன்கோவிலுக்குப் போய்க் கோமதியம்மனைத் தரிசித்துத் திரும்பும்வரை, திண்ணையில் தாத்தாவுக்குத் துணையாக உட்கார அடுத்த வீட்டார் ஒருவரும் வேண்டும்.