எரிகல் அவதானிப்புப் பதிவு

எரிகல் அவதானிப்புப் பதிவு என்பது வெறுங்கண்ணால் காணப்படும் எரிகற்களின் (எரிநட்சத்திரங்களின்) விவரங்களைத் திறந்தவெளியிலேயே தாளில் குறித்துக்கொள்வதாகும். எரிகல் ஓரிரு நொடிகளில் மறைந்துவிடும். பின்னர் எஞ்சுவது இக்குறிப்பு மட்டுமே. ஆனால் எரிகற்கள் நன்கு தெரியும் முகிலற்ற, காற்றடங்கிய இரவுகளிலேயே பனியும் மிகுதியாகப் படிகிறது. எனவே தாள் நனைந்து தரவு அழிவது இதிலுள்ள பழைய சிக்கலாகும்.

தாள் நனைவதன் காரணம்

தெளிந்த இரவில் வானை நோக்கியிருக்கும் பரப்புகள் வெப்பத்தைக் கதிர்வீச்சாக இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்கின்றன. வெப்பநிலை பனிப்புள்ளிக்குக் கீழே இறங்கியதும் காற்றிலுள்ள நீராவி அவற்றின்மீது துளிகளாகப் படிகிறது. மடியில் விரித்து வைத்த தாள் அத்தகைய பரப்பே. எழுதாத வேளையில் அதை ஓர் அட்டையால் மூடி வைத்தால் பனி அட்டையின்மீதே படியும்.

எழுதுபொருள்

நீரில் கரையும் மை ஈரத்தில் ஊறிப் பரவும். பந்துமுனைப் பேனாவின் எண்ணெய் மை அவ்வாறு கரைவதில்லை. எனினும் ஈரத்தாளில் குண்டு வழுக்குவதால் எழுத்து விட்டுவிட்டு விழும். இருளில் எழுதுபவர் இதனை விடியும்வரை அறியமாட்டார். பென்சிலின் கிராஃபைட்டு நீரில் கரையாது. கடினமான கூர்முனை நனைந்த தாளைக் கிழிக்குமாதலால் 2பி போன்ற மென்பென்சிலே தகுந்தது.

சிலர் தாள் சுருளைப் பெட்டிக்குள் வைத்து, வானிலிருந்து கண்ணை எடுக்காமலேயே ஒவ்வோர் எரிகல்லுக்கும் ஒரு வரி எழுதிச் சுருளை இழுத்துக்கொள்வர். இதில் எழுதிய பகுதி உள்ளே சென்றுவிடுவதால் பனியிலிருந்தும் தப்புகிறது. தாளைப் பார்த்து எழுதும் நேரத்தை அவதானிப்பு நேரத்திலிருந்து கழிக்க வேண்டும். ஈரத்தாளில் எழுதத் தாமதமாவதால் இவ்விழப்பு கூடுகிறது.

பிழையின் விளைவு

எரிகல் தோன்றிய நேரம், பொலிவெண், எப்பொழிவைச் சேர்ந்தது என்பவற்றுடன், கண்ணுக்குத் தெரியும் மிக மங்கலான விண்மீனின் பொலிவெண்ணும் (எல்லைப் பொலிவெண்) இடையிடையே குறிக்கப்படும். 1988 இல் நிறுவப்பட்ட பன்னாட்டு எரிகல் அமைப்பு, தன்னார்வலர்களின் இத்தகைய பதிவுகளைத் திரட்டி, 6.5 என்ற எல்லைப் பொலிவெண்ணுக்கும் பொழிவின் மையம் தலையுச்சியில் இருக்கும் நிலைக்கும் ஏற்பத் திருத்தி, மணிநேர வீதத்தைக் கணிக்கிறது. ஆகத்து 12-13 அளவில் உச்சமடையும் பெர்சீடு பொழிவில், எல்லைப் பொலிவெண் ஒன்று குறைந்தால் திருத்தக் காரணி ஏறத்தாழ 2.2 மடங்காகும். ஆகவே ஊறிப்போன 6.2 என்னும் எண்ணை 5.2 எனப் படித்துவிட்டால், நிகழாத ஒரு பெரும்பொழிவு கணக்கில் தோன்றிவிடும்.

நனைந்த தாள்களை மையொற்றுத் தாள்களுக்கிடையே வைத்து உலர்த்தி, நினைவு மங்குமுன் அன்றே படியெடுப்பது வழக்கம். ஐயமுள்ள எண்களை ஊகித்து நிரப்பாமல் வெறுமையாக விடுவர், மூலத்தாளையும் எறிவதில்லை.