வெந்நீர் கட்டும் வண்ணப் படிகள்

சிங்கப்பூரின் தோ பாயோவில் ரயிலேறி வடக்கே சென்றால் செம்பவாங் வட்டாரத்தை அடையலாம். 1909ஆம் ஆண்டில் அங்கே வெந்நீர் ஊற்று ஒன்று கண்டறியப்பட்டது. அருகில் எரிமலை ஏதுமில்லை. மழைநீர் பாறைப் பிளவுகளின் வழியே மிக ஆழத்திற்கு இறங்கி, பூமியின் உட்சூட்டினால் காய்ந்து மேலே வருகிறது. ஊற்றுக்கண்ணில் அதன் வெப்பம் ஏறத்தாழ 70 பாகை செல்சியஸ். 2020 ஜனவரியில் திறக்கப்பட்ட பூங்காவில், படிப்படியாக அமைந்த தொட்டிகளில் அந்நீரை வழியவிட்டு, கால் நனைக்கும் அளவுக்கு ஆற்றுகிறார்கள்.

மனிதர் அமைத்த இத்தகைய தொட்டிகளைச் சில நாடுகளில் வெந்நீரே கட்டிக்கொள்கிறது. துருக்கியின் பாமுக்கலே அவ்வகையில் புகழ்பெற்றது. இது எவ்வாறு நிகழ்கிறது?

மண்ணின் ஊடே இறங்கும் மழைநீர் கரியமில வாயுவை ஏற்று, சிறிது அமிலத் தன்மை பெறுகிறது. அது சுண்ணாம்புப் பாறையைக் கரைத்துச் சுமந்து வருகிறது. வெளியே வந்ததும், சோடாப் புட்டியைத் திறந்தாற்போல், வாயு பிரிந்துவிடுகிறது. உடனே சுண்ணாம்பு படியத் தொடங்குகிறது. மலேசியாவின் பத்துமலைக் குகையில் தொங்கும் சுண்ணாம்பு விழுதுகளும், சொட்டும் நீரிலிருந்து வாயு நீங்கியதால் உருவானவையே.

சரிவில் நீர் மெல்லிய படலமாகத் தளும்பி விழும் விளிம்பில் வாயு மிகுதியாக வெளியேறும். படிவும் அங்கேதான் மிகும். மரத்தில் சீவிய கோட்டில் எஞ்சும் பால் ஏடாகக் காய்வதுபோல், அவ்விளிம்பில் ஏட்டின்மேல் ஏடு சேர்கிறது. விளிம்பு உயர உயர, பின்னே நீர் தேங்கித் தொட்டியாகிறது. நிரம்பி வழியும் நீர் கீழே அடுத்த தொட்டியைக் கட்டுகிறது.

தூய சுண்ணாம்புப் படிவு வெண்மையானது. இரும்பு கலந்தால் மஞ்சளும் செம்மையும் ஏறும். வெந்நீரில் வாழும் நுண்ணுயிர்களும் நிறம் தருகின்றன. சூடு மிகுந்த இடத்தில் ஒரு வகையும், ஆறிய இடத்தில் வேறு வகையும் வாழ்வதால், அமெரிக்காவின் எல்லோஸ்டோன் பூங்காவில் மஞ்சளும் செம்மஞ்சளும் பழுப்பும் பச்சையும் அருகருகே காணப்படுகின்றன. செம்பவாங்கின் அடியில் இருப்பதோ கருங்கல். ஆகவே அங்குச் சுண்ணாம்புப் படிகள் எழவில்லை.

இயற்கை மெல்லக் கட்டுவதை மனிதர் விரைவில் கெடுத்துவிடலாம். பாமுக்கலேயில் விடுதிகள் ஊற்றுநீரைத் தம் குளங்களுக்குத் திருப்பின. படிகளின் வெண்மை மங்கியது. 1988இல் அவ்விடம் உலக மரபுச் சின்னமாயிற்று. பின்னர் விடுதிகள் அகற்றப்பட்டன. இன்று அப்படிகளில் காலணியைக் கழற்றிவிட்டே நடக்கவேண்டும்.

வெந்நீர் ஊற்றுக்குக் குடும்பத்துடன் செல்வோர் இரண்டை மறத்தலாகாது. 70 பாகை நீர் நொடிப்பொழுதில் தோலைப் புண்ணாக்கும். குழந்தைகளைக் கைவிட்டு நடக்கவிடாதீர். படிவுகள் உள்ள இடமாயின், நினைவுக்கென ஒரு துண்டையும் பெயர்க்காதீர்.